வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியடு

நான் தத்துவம் படித்தவள். விரும்பிப் படித்தேன் என்று சொல்ல முடியாது. கலெக்டர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா, மூன்று பெண்களில் மூத்தவளையாவது பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வைப்பது என்று பிடிவாதமாக இருந்தார். கல்லூரியில் போய் நின்றபோது மற்ற பிரிவுகளில் இடம் நிரம்பிவிட்டது. தத்துவத்தில் மட்டும் இடம் இருந்தது. நான்கு வருஷம் விடுதியில் தங்கி, நன்மை என்றால் என்ன, உண்மை என்றால் என்ன, ஒன்றை அறிந்தோம் என்று எப்போது சொல்லலாம் என்றெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க அதில் ஒரு வெறியே வந்துவிட்டது. பிறகு ஆசிரியர் பயிற்சியையும் முடித்துக்கொண்டு சேலத்துக்குத் திரும்பினேன்.

பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள் தலைமையாசிரியை என் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தத்துவமா? நம்ம ஸ்கூல்ல அதுக்குப் பாடமே கிடையாதேம்மா."

"இங்கிலீஷும் பூகோளமும் எடுக்கறேன்" என்றேன்.

"அது சரி. நீதி போதனைன்னு வாரத்துக்கு ஒரு பீரியடு இருக்கு. வெள்ளிக்கிழமை கடைசி. யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க. உங்களுக்கு அது பொருத்தமா இருக்கும்."

இப்படித்தான் என் தத்துவப் படிப்பு வாரத்துக்கு நாற்பது நிமிஷமாகச் சுருங்கியது. எனக்கு முன்னால் அந்த வகுப்பை எடுத்தவர் பெண்களைப் பொத்தான் தைக்கவிட்டு, தானும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாராம். சேலத்து வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நீதி போதனைக்கென்று மெலிந்த ஒரு புத்தகம் இருந்தது. பொறுமை, பணிவு, சிக்கனம், அடக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். பாடத்தின் கடைசியில் கேள்வி. கேள்விக்குப் பதில் பாடத்தின் முதல் வரியிலேயே இருக்கும். பெண்கள் அந்த வரியை ராகம் போட்டுச் சொல்வார்கள். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, நான் பொறுமையைப் பற்றி ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தபோது முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், தேர்க்கூட்டத்துல ஒருத்தன் வேணும்னே இடிக்கறான். அப்பவும் பொறுமையா இருக்கணுமா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்மையைப் பற்றி நான்கு வருஷம் படித்தவளுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வரி பதில் சொல்ல வரவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன்.

அந்த ஒரு வாரமும் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இந்தப் பெண்களுக்கு வாழ்க்கையில் உண்மையாகவே என்னென்ன தேவைப்படும் என்று எழுத ஆரம்பித்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதத்தைப் படிப்பது. டாக்டரிடம் என்ன கேட்பது, அவர் சொன்னது புரியாவிட்டால் மறுபடி எப்படிக் கேட்பது. முடியாது என்பதைச் சண்டையில்லாமல் சொல்வது. கூட்டத்தில் ஒருவன் இடித்தால் கத்துவது, அதுவும் எவ்வளவு சத்தமாக. இப்படி நாற்பது தலைப்புகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு தத்துவக் கேள்வி ஒளிந்திருப்பது எனக்குத் தெரிந்தது. பெண்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

முதலில் எடுத்துக்கொண்டது தந்தி. அந்தக் காலத்தில் தந்திக்காரன் தெருவில் நுழைந்தாலே போதும், உறையைப் பிரிப்பதற்கு முன்பே ஒப்பாரி ஆரம்பித்துவிடும். நான் வகுப்பில் பழைய தந்தி உறை ஒன்றைக் கொண்டுபோய் ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தேன். "வாங்கு. உட்காரு. பிரி. படி. முழுசாப் படிச்ச பிறகு வாயைத் திற." இதை மூன்று வாரம் பழக்கினேன். சில மாதம் கழித்துச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாணவியின் வீட்டுக்குத் தந்தி வந்தது. அவள் அம்மா மயங்கியே விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். இவள் வாங்கி, உட்கார்ந்து, பிரித்து, படித்து, "அக்காவுக்கு ஆம்பளைக் குழந்தை பிறந்திருக்கு" என்றாளாம். திங்கட்கிழமை இதை அவள் வந்து சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. என் உத்தியோகத்தில் அப்படிப்பட்ட நாட்கள் மிகக் குறைவு.

அடுத்தது ரயில் டிக்கெட். பதினொரு பெண்களைக் கூட்டிக்கொண்டு டவுன் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒவ்வொருத்தியும் தானே ஜன்னலுக்குப் போய், சூரமங்கலத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டு வாங்க வேண்டும். டிக்கெட் கொடுப்பவர் மூன்றாவது பெண்ணோடு பொறுமை இழந்துவிட்டார்.

"ஏம்மா, எல்லாரும் ஒரே இடத்துக்குத்தானே போறீங்க? டீச்சர் நீங்களே மொத்தமா வாங்கிட்டுப் போங்களேன்!"

"இல்லீங்க, அவங்கதான் வாங்கணும்" என்றேன்.

பெண்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஒருத்திக்கு மட்டும் குரலே எழும்பவில்லை. மூன்றுமுறை போய் மூன்றாவது தடவை வாங்கினாள். சூரமங்கலத்தில் இறங்கி, பிளாட்பாரத்தில் கொய்யாப்பழம் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தோம்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியின் சித்தப்பா எங்களை ஸ்டேஷனில் பார்த்திருக்கிறார். மறுநாளே தலைமையாசிரியை கூப்பிட்டார்.

"நீதி போதனைக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டேதான் இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் என் பேச்சு முடிந்ததும், "நீங்க சொல்றதெல்லாம் சரிதான். அதை வகுப்புக்குள்ளயே வச்சுக்குங்க" என்றார். சரியென்று ஒப்புக்கொண்டுவிட்டு அதைச் செய்யாதே என்று சொல்கிறவர்களோடுதான் என் வாழ்நாளில் பெரும்பகுதி போராடியிருக்கிறேன். தப்பு என்று சொல்பவர்களோடு வாதாடலாம். இவர்களிடம் பேச வார்த்தையே இருக்காது.

அதன்பின் வகுப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது எது? தெரியாதது எது? யாரைக் கேட்டால் தெரியும்? தர்க்கப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததைச் சுருக்கி நான் இதற்குள் அடக்கியிருந்தேன். பெண்கள் விளையாட்டாக எல்லாவற்றுக்கும் இதைக் கேட்டார்கள். பரீட்சை எப்போது, மத்தியானம் மழை வருமா, பூகோள டீச்சர் ஏன் இன்று கோபமாக இருக்கிறாள். பூகோள டீச்சரும் நான்தான்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் விளையாடவில்லை. எழுதிக்கொண்டே இருப்பாள். உயரமானவள், விரல் நுனியில் எப்போதும் மசிக்கறை. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். சேலத்தில் குழந்தையில்லாத சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். ஆறாவது பாரம், அந்த மார்ச்சில் பள்ளி இறுதிப் பரீட்சை. கணக்கில் அவள்தான் முதல். அவளை நான் தனியாக ஒருநாள்கூட உட்காரவைத்துப் பேசியதில்லை. வகுப்பில் நன்றாகக் கவனிக்கிறவர்களை நாம் கவனிப்பதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் செருப்பு. தலைமையாசிரியை அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டவர், பேசி முடிக்கும் வரை அதைக் கீழே வைக்கவே இல்லை. என்னையும் அங்கே கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள்.

"என்ற புள்ளைக்கு நீதிப்பாடம் சொல்லிக் குடுக்கறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"முந்தாநேத்து சனிக்கிழம, இவ ஊருக்கு வந்திருந்தப்ப பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. ராசிபுரம் பக்கத்துக் குடும்பம். பதினஞ்சு பேரு. பலகாரத்தட்ட வெச்சுப்போட்டு உள்ள போகோணுமல்லங்க? நின்னுக்கிட்டா. மாப்பிள்ளையோட அம்மாவப் பாத்து, 'உங்க பையனுக்கு வாழப்பாடியில ஏற்கெனவே ஒரு சம்சாரம் இருக்குதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?'ன்னு கேட்டுப்போட்டா."

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

"நிஜமா?" என்றேன் நான். அந்த இடத்தில் கேட்கக்கூடாத கேள்வி. வாயில் வந்துவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். "நெசந்தானுங்க. கட்டி, ஒரு வருசம் வெச்சிருந்து, திருப்பி அனுப்பிப்போட்டாங்களாமா. தரகனுக்குத் தெரிஞ்சிருக்குது. என்ற அண்ணனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்குது. எனக்குத்தான் தெரியாது. இவ கூடப் படிக்கற வாழப்பாடிப் புள்ள ஒண்ணுகிட்ட விசாரிச்சிருக்கறா."

யாரைக் கேட்டால் தெரியும். நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்த மூன்றாவது கேள்வி. எனக்கு வந்தது பெருமையா பயமா என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அப்ப உங்க பொண்ணு உங்க குடும்பத்துக்கு நல்லதுதானே பண்ணியிருக்கா?"

"நல்லதுதானுங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா எழுந்திரிச்சுப் போனாங்க பாருங்க பதினஞ்சு பேரு, அவிய ஊருக்கு ஊரு சொல்லிப்போட்டுத்தான் போவாங்க. இனி எவன் வருவான் என்ற ஊட்டுக்கு?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "கேக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தீங்க டீச்சரம்மா. கேட்டதுக்கப்புறம் அந்தப் புள்ள அந்த ஊட்டுல எப்படி இருக்கறதுன்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

என் நோட்டில் நாற்பது தலைப்புகள் இருந்தன. அப்படி ஒன்று இல்லை.

அன்றே பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

விஷயம் பள்ளியின் தாளாளர் காதுக்குப் போயிற்று. அவர் வக்கீல். ஒரு கடிதத்தைத் தானே இங்கிலீஷில் டைப் அடித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வயதுக்கும் பெண்மைக்கும் பொருந்தாத விஷயங்களை, அங்கீகாரம் பெற்ற புத்தகத்துக்கு வெளியே போய் நான் போதித்ததாகவும், அதனால் ஒரு கௌரவமான குடும்பத்துக்கு அவமானம் ஏற்பட்டதாகவும், அதற்கு வருந்துவதாகவும், இனி அப்படிச் செய்யமாட்டேன் என்றும் இருந்தது. அடியில் என் பெயர்.

இரண்டுமுறை படித்தேன். "இந்த 'அவமானம்'ங்கற வார்த்தையை மட்டும் எடுத்துடலாமா சார்? அவமானம் என்னால வரலை. அந்த மாப்பிள்ளை வீட்டாராலதான் வந்தது."

"அந்த ஒரு வார்த்தைக்காகத்தானேம்மா இந்தக் கடுதாசியே" என்றார். "நாளைக்கு வரைக்கும் யோசிச்சுக்குங்க."

என் கணவர் மேட்டூரில் அணை ஆபீசில் படம் வரைகிற வேலையில் இருந்தார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை காலை ரயிலுக்குப் போய்விடுவார். விஷயம் கேள்விப்பட்டு அன்று நடுவாரத்திலேயே லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"போட்டுடு. வெறும் வார்த்தைதானே" என்றார்.

"வார்த்தையை வச்சுத்தான் நான் பொழைக்கறேன்."

"அதனாலதான் சொல்றேன். வேலை போச்சுன்னா எதை வச்சுச் சொல்லிக் குடுப்பே?"

அவரோடு மூன்று நாள் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை என்று தெரிந்ததால்தான் பேசவில்லை. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், தங்கைகள் இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். கையெழுத்துப் போட இதெல்லாம் காரணம். ஆனால் முழுக்காரணம் இதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் நான் வேறு எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. தத்துவம் படித்தவளை அந்த ஜில்லாவில் யார் கூப்பிட்டு உட்காரவைக்கப் போகிறார்கள்? தாளாளர் சொன்ன கெடுப்படி மறுநாள் காலையே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அது பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வகுப்பில் புத்தகத்தைத் திறந்து அடக்கம் பற்றிய பாடத்தைப் படிக்கச் சொன்னேன். தந்தியை உட்கார்ந்து பிரித்துப் படித்தாளே அந்தப் பெண், எழுந்து நின்றாள்.

"டீச்சர், அந்தக் காகிதத்தைப் படிச்சுப் பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா."

"அதுல இருந்தது சரின்னு ஒத்துக்கிட்டுப் போட்டீங்களா?"

"இல்லை."

அவள் உட்கார்ந்துகொண்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் என்னை அறுத்தது. மணி அடிக்க இன்னும் முப்பது நிமிஷம் இருந்தது. அந்த முப்பது நிமிஷமும் நாங்கள் புத்தகத்தை வரிவரியாக வாசித்தோம்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். திருச்செங்கோட்டில் இறங்கி, நின்றுபோன அந்தப் பெண்ணின் ஊருக்கு இரண்டு மைல் நடந்தேன். அவளுடைய அப்பா என்னை வாசலில் பார்த்ததும் கட்டிலை இழுத்துப் போட்டு, "வாங்க டீச்சரம்மா" என்று மோர் கொடுத்தார். அந்த மரியாதை எனக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டியிருக்கலாம்.

"பரீட்சையை மட்டும் எழுதட்டுங்க. நானே வந்து கூட்டிட்டுப் போய், நானே கொண்டுவந்து விட்டுடறேன்."

"பாக்கலாமுங்க."

"கணக்குல அவதான் முதல்ங்க."

"அதுவுந் தெரியுமுங்க. பாக்கலாமுங்க."

கொங்குப் பக்கத்தில் 'பாக்கலாமுங்க' என்றால் இல்லை என்று அர்த்தம். அவள் உள்ளே கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் விட்டிருப்பார் என்றுகூட இப்போது தோன்றுகிறது. நான் மோர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச்சில் அவள் எண்ணுக்குரிய மேஜை காலியாக இருந்தது. அந்த ஹாலில் மேற்பார்வைக்கு என்னைத்தான் போட்டிருந்தார்கள். கணக்குப் பரீட்சை அன்று மூன்று மணி நேரமும் அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

அடுத்த வருஷம் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தார். என் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து உட்கார்ந்து, பணிவு என்றால் என்ன என்று கேட்டார். முப்பத்திரண்டு பெண்களும் ஒரே குரலில், ஒரே ராகத்தில், புத்தகத்தின் முதல் வரியைச் சொன்னார்கள். அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பள்ளிக் குறிப்பேட்டில் என் வகுப்பைப் பற்றி மட்டும் தனியாக நான்கு வரி பாராட்டி எழுதிவிட்டுப் போனார். என் உத்தியோக காலத்தில் மேலிடத்திலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். தலைமையாசிரியை அதைப் பிரதியெடுத்து எனக்குக் கொடுத்தார். கிழித்துப்போடவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை. பூகோளப் படச்சுருள்களுக்கு நடுவில் செருகி வைத்தேன், அங்கேயே தொலைந்துபோயிற்று.

யுத்தம் முடிந்த பிறகு கணவருக்கு நாமக்கல்லுக்கு மாற்றல் வந்தது. நானும் அங்கே ஒரு பள்ளியில் சேர்ந்தேன். அங்கே நீதி போதனை பீரியடு கேட்டேன். அதைத் தேகப்பயிற்சிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஏழு வருஷம் பூகோளம் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். நாற்பது தலைப்புகளை நாற்பத்தொன்றாக்க எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். கேட்ட பிறகு என்ன செய்வது? உண்மையைத் தெரிந்துகொண்ட பெண், அதைத் தெரிந்துகொண்டதற்காகவே கோபப்படுகிற மனிதர்களோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? எழுதுவேன், அடிப்பேன். எதை எழுதினாலும் அது கடைசியில் பொறுமை என்றும் அடக்கம் என்றும்தான் வந்து நின்றது. அந்த மெலிந்த புத்தகத்தை எழுதியவரும் இப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தாரோ என்னவோ.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் தபால் போட பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தேன். ஊர் நடுவில் மலைமேலிருக்கும் கோட்டையின் நிழல் அந்நேரத்துக்கு எங்கும் விழாது. வெயில் கொளுத்தியது. "டீச்சருங்களா?" என்று ஒரு குரல். உயரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் காட்ட வந்திருந்தாள்.

பரமத்திப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருஷம் யாரும் வராமல், மூன்றாவது வருஷம் வந்த சம்பந்தமாம். "நல்ல மனுசருங்க" என்றாள். கையில் மசிக்கறை இல்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

"அன்னைக்கு உன்னைப் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். இன்னும் கொஞ்சம் போராடியிருக்கணும்" என்றேன்.

"விடுங்க டீச்சர். அப்பன் விட்டிருக்காதுங்க."

"அந்தக் கேள்வியைக் கேட்டோமேன்னு வருத்தமா இருக்கா?"

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அதுக்கு வருத்தமில்லீங்க. வாழப்பாடியில அந்த மொதச் சம்சாரம் பாவம். அது இருக்கறப்ப நான் எப்படிங்க போறது?" பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா அதுக்கப்பறம் கேக்கறத விட்டுப்போட்டனுங்க. இப்பவெல்லாம் கேக்காமயே தெரிஞ்சுக்கறேன்."

அதைப் பாராட்டுவதா, அதற்காக அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். மருந்து எழுதிக் கொடுத்தார், என்ன நோவு என்று சொல்லவில்லை என்றாள்.

"நீ கேக்கலையா?"

"இல்லீங்க. சீட்ட வாங்கிப் படிச்சுக்கிட்டேன். கம்பவுண்டர் மத்தவங்களுக்கு அதே மருந்தக் குடுக்கறப்ப என்ன சொல்றாருன்னு நின்னு கேட்டுக்கிட்டேன். வவுத்துப்போக்குக்குங்க."

பஸ் வந்தது. பெரிய குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பி, "வாரேனுங்க டீச்சர்" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

அன்று மத்தியானம் முதல் பீரியடுக்கு இருபது நிமிஷம் தாமதமாகப் போனேன். காரணத்தைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். தபாலாபீசில் கூட்டம் என்று எழுதிவிட்டு, பூகோளப் படத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போனேன்.